குடும்பப் பத்திரங்களுக்கு இன்னொரு பெட்டி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டுத் தகரப் பெட்டி மறந்திருக்காது. கட்டிலுக்கு அடியிலோ, சாமி மேடைக்குப் பக்கத்திலோ அது இருக்கும். தீபாவளிக்கு எடுத்த பட்டுப்புடவை, தாத்தாவின் பழைய புகைப்படம், அவற்றுக்கும் கீழே ஒரு துணிப்பையில் சுற்றிய தாள்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளத் துண்டுகள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பைக்குள்தான். பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கும்.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். அதோடு, இந்தக் காலத்துக்கு ஏற்ற இன்னொரு பெட்டியைப் பற்றியும் பேசப் போகிறோம். அந்த இரண்டாவது பெட்டி நம் வீட்டில் இருக்காது. ஆனால் அதன் சாவி நம்மிடமே இருக்க வேண்டும். இந்த உரையின் சாரம் இவ்வளவுதான். மற்றவை விளக்கங்கள்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18ஆம் தேதிகளில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் கூரையைத் தொட்ட செய்தியை உலகமே பார்த்தது. அதே நாள்களில் கோலசிலாங்கூர் மாவட்டத்திலும் வெள்ளம் வந்தது. எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று சிலாங்கூர் ஆற்றுக்கு அருகில் குடியிருந்தது. இரவில் தண்ணீர் வாசற்படி ஏறியதும் பிள்ளைகளைத் தூக்கினார்கள்; பாட்டியைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள்; அரிசி மூட்டையைக்கூட மேசைமேல் ஏற்றினார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி யாருக்கும் நினைவில் வரவில்லை.

மூன்று நாள் கழித்து வந்து பெட்டியைத் திறந்தார்கள். தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்க் களிமண்போல் கிடந்தன. ஒட்டியதைப் பிரித்தால் கிழிந்தது. முத்திரை மை கரைந்து அடுத்த தாளில் ஊறியிருந்தது. பாட்டியும் பேத்தியும் அவற்றைத் தகரத்தின்மேல் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள்.

அந்தப் பேத்தி கல்லூரிக்கு மனுப் போட்டபோது தன் பிறப்புப் பத்திரத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். படத்தில் பத்திர எண் தெளிவாகத் தெரிந்தது. அந்த எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் மாற்றுப் பத்திரம் பெறுவது எளிதாயிற்று. பாட்டியின் தாள்களுக்கு அப்படி ஒரு படமும் இல்லை.

"எல்லாத்தையும் படம் புடிக்கிறியே, என் தாளையும் ஒண்ணு புடிச்சு வச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று பாட்டி கேட்டார்.

"அது பழைய தாள், யாருக்கு வேணும்னு இருந்துட்டேன் பாட்டி" என்றாள் பேத்தி.

அந்தப் பதில் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. பழைய தாள் யாருக்கு வேண்டும் என்று நாமும் நினைத்திருக்கிறோம். உண்மை என்னவென்றால், மற்றவர்களைக் காட்டிலும் நம் தோட்டப்புற மக்களுக்குத்தான் பழைய தாள் அதிகம் வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? நம் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர்களில் பலர் கங்காணிமார் வழியாகக் கப்பலேறி வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் மருத்துவச்சியின் கையில் லயத்து வீட்டிலேயே பிறந்தார்கள். பிறப்பைப் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கிராணியார் பார்த்துக்கொள்வார் என்றிருந்தார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. 1948இல் அவசரகாலம் வந்தபோது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, யார் எங்கே எந்த ஆண்டில் பிறந்தார் என்பதைத் தாளைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. தாள் இருந்தவர் நீல அட்டை பெற்றார். இல்லாதவர் சிவப்பு அட்டையோடு நின்றார். அதுவும் கிடைக்காதவர்களும் உண்டு.

இது ஏதோ பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிவுசெய்ய 2011 பிப்ரவரியில் அரசாங்கம் மைடாஃப்தார் என்ற இயக்கத்தை நடத்தியது. 2017இல் அது மீண்டும் பெரிய அளவில் நடந்தது. சிவப்பு அட்டை வைத்திருந்த 60 வயதைக் கடந்த இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. நாட்டுக்காகப் பால்மரம் வெட்டிய கைகள், ஒரு தாளுக்காக 60 ஆண்டுக்கு மேல் காத்திருந்தன.

பிறப்பும் குடியுரிமையும் மட்டுமல்ல. வேலை போகும்போதும் தாள்தான் பேசும். தோட்டம் கைமாறினாலோ, மூடப்பட்டாலோ, ஆள்குறைப்பு நடந்தாலோ தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். ஒருவர் 18 ஆண்டு உழைத்திருந்தால் 360 நாள் சம்பளம் வர வேண்டும். அவர் 18 ஆண்டு உழைத்தார் என்பதற்கு என்ன சான்று? நியமனக் கடிதமும் சம்பளத் துண்டும் இ.பி.எஃப். கணக்கும்தான். பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாறிய நம் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து குரல் கொடுத்ததை நாம் அறிவோம். அப்படிப்பட்ட போராட்டங்களில் ஒவ்வொரு கடிதமும் ஒரு சாட்சி.

ஆகவே, தாளைக் காப்பது குடும்பத்தைக் காப்பதாகும். இனி அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், எவற்றைப் படம் எடுக்க வேண்டும்? வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டையின் இரு பக்கங்கள், திருமணப் பத்திரம், இறந்தவர்களின் மரணப் பத்திரம், தாத்தா பாட்டியின் பழைய அட்டைகள், எஸ்.பி.எம். முதலிய சான்றிதழ்கள், பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம், நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், இ.பி.எஃப்., சொக்சோ கடிதங்கள், வீடு அல்லது நிலம் தொடர்பான கடிதங்கள், வண்டியின் கிராண்ட். இவ்வளவுதான். பெரும்பாலான குடும்பங்களில் 40, 50 தாளுக்குள் அடங்கிவிடும்.

பகல் வெளிச்சத்தில், தாளை மேசைமேல் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். எண்ணும் முத்திரையும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு படத்துக்குப் பெயர் வையுங்கள். 'பிறப்புப் பத்திரம், அப்பா' என்பதுபோல் இருந்தால் போதும். பத்தாண்டு கழித்துத் தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படம் அசலாகாது. அரசாங்க அலுவலகம் அசலைத்தான் கேட்கும். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற கடமையையும் எந்தப் படமும் நிறைவேற்றாது. ஆனால் அசல் அழிந்துபோனால், அதிலிருந்த எண்ணும் தேதியும் இடமும்தான் பதிவேட்டில் நம்மைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி. படம் அந்த வழியைத் திறந்து வைக்கிறது.

சரி, படம் கைப்பேசியில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வெள்ளம் வந்தால் கைப்பேசியும் நனையும். திருடு போகும். செம்பனைக் காட்டில் விழுந்தால் கிடைக்காது. பெட்டியும் கைப்பேசியும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே ஆபத்தில் இரண்டும் போய்விடும்.

அப்படியானால் வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பி வைக்கலாமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டைப் படம் பலர் கைக்குப் போனால், அதைக் கொண்டு உங்கள் பெயரில் கைப்பேசி எண் எடுக்கவும், கடன் கேட்கவும், மோசடிக்காரர் பணம் மாற்றக் கணக்குத் திறக்கவும் முயற்சி செய்யலாம். 2017இல் நம் நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் களவு போய் வெளியானது நினைவிருக்கட்டும். பெட்டியை நடுச்சாலையில் வைத்துவிட்டு, தண்ணீர் படாத இடத்தில் வைத்திருக்கிறோம் என்று நிம்மதி அடைய முடியுமா?

இங்கேதான் நாம் சொன்ன இரண்டாவது பெட்டி வருகிறது. இணையச் சேமிப்பகம் என்று இதைச் சொல்கிறார்கள். மேகத்தில் வைப்பது என்று பேசினாலும் அது மேகமல்ல. எங்கோ ஒரு நாட்டில், பெரிய கட்டடத்தில், வரிசை வரிசையாக நிற்கும் கணினிகள்தாம் அவை. நம் படத்தின் நகல் அங்கே போய் இருக்கும். ஈஜோக்கில் வெள்ளம் வந்தாலும், புக்கிட் ரோத்தானில் தீப்பிடித்தாலும் அந்த நகலுக்கு ஒன்றும் ஆகாது. வேறொரு கைப்பேசியை வாங்கி, நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

ஆனால் அந்தக் கட்டடம் வேறொருவருடையது. அதற்குள் வேலை செய்கிறவர்கள் உண்டு. சுவரேறிக் குதிக்க நினைக்கும் திருடர்களும் உண்டு. எனவே பெட்டியைப் பூட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பூட்டுக்குத்தான் மறையாக்கம் என்று பெயர். நம் படத்தை யாருக்கும் புரியாத எண்குவியலாக மாற்றிவிடுவதே மறையாக்கம். சாவி உள்ளவர் மட்டுமே அதை மீண்டும் படமாக்க முடியும். உலகில் இன்று பரவலாகப் பயன்படும் ஏ.இ.எஸ். என்ற முறை பெல்ஜியம் நாட்டு அறிஞர் இருவர் உருவாக்கி, 2001இல் அமெரிக்க அரசு தன் தரமாக ஏற்றுக்கொண்டது. வங்கிகளும் அரசாங்கங்களும் பயன்படுத்தும் அதே பூட்டு நமக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

பூட்டு நல்லதுதான். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சாவி யாரிடம் இருக்கிறது என்பதே.

ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் பெட்டியைத் தோட்ட அலுவலகத்தில் வைக்கிறீர்கள். அலுவலகம் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் ஆணியிலேயே மாட்டி வைக்கிறது. வெளித்திருடன் திறக்க முடியாது. ஆனால் அலுவலகத்தில் இருப்பவர் திறக்கலாம். சாவி ஆணியைக் கண்டுகொண்ட திருடனும் திறக்கலாம். கூகுள் டிரைவ் போன்ற பொதுச் சேமிப்பகங்கள் சாதாரணமாக இந்த வகை. அவை மறையாக்கம் செய்கின்றன. ஆனால் சாவி அவர்களிடம் இருக்கிறது. இதில் ஒரு வசதியும் உண்டு. கடவுச்சொல்லை மறந்தால், அவர்கள் உதவி செய்து திறந்து கொடுக்க முடியும்.

இன்னொரு வகை உண்டு. வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே நீங்களே பூட்டுகிறீர்கள். சாவியை உங்கள் முந்தானையிலேயே முடிந்துகொள்கிறீர்கள். அலுவலகம் பெட்டிக்கு இடம் மட்டும் கொடுக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது. முனைக்கு முனை மறையாக்கம் என்பது இதுதான். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் டிரைவ், நியூசிலாந்தில் 2013இல் தொடங்கிய மெகா ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கணினி வைத்திருப்பவர்கள் கிரிப்டோமேட்டர் என்ற ஜெர்மானிய மென்பொருளைக் கணினியில் இலவசமாகப் பெற்று, தாங்களே பூட்டி, பூட்டிய பெட்டியைக் கூகுள் டிரைவிலேயே வைக்கலாம். எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் செய்வது எங்கள் நோக்கமன்று. வகையைப் புரிந்துகொள்வதற்காகவே பெயர்களைச் சொல்கிறோம்.

நாங்களே பூட்டுகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் கூடாது. 2022இல் சூரிக் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெகாவின் பூட்டிலேயே சில ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நிறுவனமும் திருத்தங்களை வெளியிட்டது. வெளியாட்கள் சோதித்துப் பார்க்கவும், குறை கண்டால் உடனே திருத்தவும் இடம் கொடுக்கிற நிறுவனமே மேல். கைப்பேசி புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். அந்தத் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் நமக்கு வந்து சேருகின்றன.

எவ்வளவு இடம் வேண்டும்? தாளின் படம் ஒன்று 3 அல்லது 4 மெகாபைட் இருக்கும். 50 தாளுக்கு 200 மெகாபைட். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடத்தில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மற்ற நிறுவனங்கள் தரும் இலவச இடமும் பத்திரங்களுக்குத் தாராளமாகப் போதும். கல்யாண வீடியோவையும் அதிலேயே போடப் போனால்தான் காசு கொடுக்க வேண்டிவரும். பத்திரங்களைத் தனியாக வையுங்கள்.

அடுத்தது கடவுச்சொல். அடையாள அட்டை எண், பிறந்த தேதி, பிள்ளையின் பெயர், தோட்டத்தின் பெயர் ஆகியவை வேண்டாம். அவை உங்களைத் தெரிந்த எவருக்கும் தெரியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 'முருங்கை, தண்டவாளம், எழுபது, கொசு, வியாழன்' என்பதுபோல. இதை அப்படியே பயன்படுத்திவிடாதீர்கள். வானொலியில் சொன்னது ஊருக்கே தெரிந்ததாயிற்று. உங்களுக்கு உங்கள் சொற்கள்.

இந்தக் கடவுச்சொல்லை மறந்தால் என்ன ஆகும்? நாமே பூட்டும் வகையில் இது பெரிய ஆபத்து. சாவி நிறுவனத்திடம் இல்லை. எனவே அவர்களாலும் திறக்க முடியாது. அதற்காக மீட்புச் சாவி என்று ஒரு நீண்ட எழுத்து வரிசையை ஆரம்பத்திலேயே கொடுப்பார்கள். அதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். எங்கே வைப்பது? ஒன்று, நம் தகரப் பெட்டியில். இன்னொன்று, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான அண்ணன், அக்காள் அல்லது சித்தப்பாவின் பெட்டியில். தாளைக் காப்பாற்ற இணையம். இணையத்தைத் திறக்க ஒரு தாள். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. படம் எடுத்து அதே கைப்பேசியில் வைத்துவிட்டால் துணை இல்லை. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போலாகும்.

நம் தோட்டப்புறங்களில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு உண்டு. கணக்குத் திறக்கும்போது கைப்பேசி எண்ணைக் கொடுக்கிறோம். பிறகு மறை எண் அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும். பிரிபெய்ட் சிம்முக்குப் பணம் போடாமல் விட்டால் எண் காலாவதியாகிறது. புது எண் வாங்குகிறோம். பழைய எண் வேறு யாருக்கோ போகிறது. ஓராண்டு கழித்துப் பெட்டியைத் திறக்கப் போனால் மறை எண் அந்த அந்நியருக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே எண்ணை மாற்றிய அன்றே கணக்கிலும் மாற்றுங்கள். அவசரத்துக்குப் பயன்படும் துணை எண்களைக் கொடுத்தால், அவற்றையும் மீட்புச் சாவியோடு எழுதி வையுங்கள். மறை எண்ணை யார் தொலைபேசியில் கேட்டாலும், போலீஸ் என்று சொன்னாலும், வங்கி என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள்.

இப்போது தாய்மார்கள் பலர் கேட்கும் கேள்விக்கு வருவோம். "படத்தைக் கைப்பேசியில் அழித்தேன், அங்கேயும் அழிந்துவிட்டதே, ஏன்?" என்று கேட்கிறார்கள். காரணம் உண்டு. சில சேமிப்பகங்கள் கண்ணாடியைப் போன்றவை. இங்கே உள்ளதை அங்கே காட்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் அழித்தது குப்பைத் தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும். கண்ணாடி வேறு, பெட்டி வேறு. பத்திரங்களைத் தனிக் கோப்புறையில் நீங்களே ஏற்றி வையுங்கள். கைப்பேசி தானாக ஒத்திசைக்கும் இடத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பத்திரப் படங்கள் இருந்தால் இதையும் கேளுங்கள். பேச்சு பூட்டப்பட்டே போகிறது. ஆனால் வாட்ஸ்அப் எடுத்து வைக்கும் காப்பு நகல் தானாகவே நம் சாவியால் பூட்டப்படும் என்று எண்ண வேண்டாம். 2021 அக்டோபரில் அதற்கொரு வசதி வந்தது. அமைப்புகளில் உரையாடல், காப்பு நகல் என்று போய் நாமே அதைத் திறந்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள்.

நிறுவனம் நிலைத்திருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். 2012 ஜனவரியில் மெகாஅப்லோட் என்ற சேமிப்பகத்தை அமெரிக்க அரசு முடக்கியபோது, குற்றம் ஏதும் செய்யாதவர்களின் கோப்புகளும் அகப்பட்டுக்கொண்டன. இரண்டாண்டு எட்டிப் பார்க்காத தனியார் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் விதி செய்து, 2023 டிசம்பர் முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரசாங்கமே ஆனாலும் தப்பில்லை. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு வேறோர் இடத்தில் நகல் இல்லை. எவ்வளவு பெரிய பெட்டியானாலும் ஒன்றே ஒன்று என்றால் ஆபத்துதான்.

எனவே கணக்கு இது: மூன்று நகல், இரண்டு விதமான இடம், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அசல் தாள் நெகிழி உறையில், தண்ணீர் எட்டாத உயரத்தில். படம் கைப்பேசியிலோ ஒரு சிறிய பென்டிரைவிலோ. பூட்டிய நகல் இணையத்தில். இந்த மூன்றும் ஒரே நாளில் அழிவது அரிது.

வைத்ததோடு வேலை முடிந்துவிடாது. ஆண்டுக்கு இரு முறை, தைப்பூசத்துக்கு ஒன்றும் தீபாவளிக்கு ஒன்றுமாக, வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏதேனும் ஒரு பத்திரத்தைக் கீழிறக்கி எண்ணைப் படித்துப் பாருங்கள். புதிதாகப் பிறந்த குழந்தையின் பத்திரத்தைச் சேருங்கள். கணக்கும் உயிரோடு இருக்கும், கடவுச்சொல்லும் மறக்காது. திறந்து பார்க்காத பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லி முடிக்கிறோம். கைப்பேசிக் கடைக்காரரிடம் கொடுத்து, எல்லாவற்றையும் செய்து கொடுங்கள் என்று கேட்காதீர்கள். கடவுச்சொல்லை அவர் வைத்தால் சாவி அவருடையது. வீட்டில் படித்த பிள்ளை செய்யட்டும். தாயோ தந்தையோ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாவது, யாருக்காவது அடையாள அட்டையின் நகல் கொடுக்க வேண்டி வந்தால், எந்தக் காரியத்துக்கு மட்டும் அது கொடுக்கப்படுகிறது என்று அதன் குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

நேயர்களே, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பாட்டியிடம் மீண்டும் வருவோம். வெள்ளத்தில் ஆவணம் இழந்தவர்களுக்குத் தேசியப் பதிவு இலாகா கட்டணமின்றி மாற்று ஆவணம் தந்தது. பாட்டியின் பேத்தி விடுமுறை நாள்களில் அலைந்து, பழைய பள்ளிப் பதிவேடு, சங்கத்து அட்டை, சகோதரரின் பத்திரம் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தாள். ஒரு படம் இருந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு மாதங்கள் ஆயின. இன்று அந்த வீட்டில் பாட்டியின் தாளைத்தான் முதலில் படம் எடுக்கிறார்கள். மீட்புச் சாவி எழுதிய தாள் ஒன்று ரவாங்கில் இருக்கும் மாமா வீட்டில் இருக்கிறது. இன்னொன்று பாட்டியின் முந்தானையில்.

இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத பொழுதில் உங்கள் தகரப் பெட்டியைத் திறவுங்கள். வீட்டில் மூத்தவருடைய தாளிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளில் முடியாவிட்டாலும் அன்றைக்குப் பத்துத் தாள் முடிந்தால் போதும். நமக்கு முன்னே வந்தவர்கள் ஒரு தாளுக்காகப் பட்ட பாடு நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.